தானியேல் விரலின் சத்தம்

பிரிசில்லா கஞ்சிப் பானையில் தந்திகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பேஸ் கிதாரின் தடித்த தந்திகள். சுருட்டிப் போட்டிருந்தாள். கொதிக்கிற தண்ணீரில் அவை மெல்லப் புரண்டன; மேலே பழுப்பாக நுரை கட்டியது. வாசிக்க வாசிக்க வியர்வையும் அழுக்கும் தந்தியின் இடுக்குகளில் ஏறிக்கொண்டால் சத்தம் மந்தமாகிவிடும். வேகவைத்துத் துடைத்துக் காயவைத்தால் கொஞ்ச நாளைக்குக் கணீரென்று பேசும். கல்யாணமானதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை அவள் செய்கிற வேலைதான். இந்த வருஷம் ஈஸ்டர் வருவதற்குள் இது மூன்றாவது தடவை.

"வெந்துச்சா?" என்று வந்தான் அவள் புருஷன் தானியேல். இடுக்கியை அவள் எடுப்பதற்குள் பானைக்குள் கையை விட்டுத் தந்திகளை அள்ளினான். அவசரப்படவும் இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாங்க, கொதிக்குது அது."

"ஆறிப்போச்சு பிரிசி."

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் விரல்கள் இறால் வெந்தது போலச் சிவந்திருந்தன. பிரிசில்லா அடுப்பை அணைத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, கெட்டுப்போனது தந்தி இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற பிரிவில் தானியேலுக்கு வேலை. வாரமெல்லாம் பசை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ். அவன் வாசிப்பு யாருக்கும் தனியாகக் கேட்காது. அவன் நிறுத்தினால்தான் பாட்டு காலூன்ற இடமில்லாமல் தடுமாறும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சோறு ஆறிப்போகும் வரை பேசுவான். மரம், காந்தம், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் எல்லாம் அப்புறம்தானாம். தந்தியைக் கிதாரின் கழுத்துப் பக்கம் இழுத்தால் சத்தம் உருண்டையாக வருமாம். தந்தி முடிகிற பிரிட்ஜ் பக்கம் இழுத்தால் கூர்மையாம். பிளாஸ்டிக் பிக் வைத்து வாசித்தால் ஆணி அடிக்கிற மாதிரியாம். விரல் சதை தந்தியில் பட்டு உருண்டு விலகவேண்டும், அதுதான் சத்தமாம்.

அதனால் விரலை அவன் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டான். பசைப் பிரிவில் எல்லாருக்கும் விரல் நுனியில் பசை காய்ந்து இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்வார்கள், போனது போக மிச்சம் இருக்கட்டும் என்று விடுவார்கள். தானியேல் ஷிஃப்ட் முடிந்ததும் பசையைக் கரைக்கிற தின்னரைக் கிண்ணத்தில் ஊற்றி, விரல்களை அதில் ஊறவைத்துத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். பசை ஒட்டிய விரலால் தந்தியைத் தொட்டால் சத்தம் செத்துப்போகும் என்பான். அந்த வாசனையோடு அவன் வாசற்படி ஏறும்போது, நம் வீட்டு ஆள் எவ்வளவு சுத்தம் என்று பிரிசில்லா பெருமைப்பட்டிருக்கிறாள்.

வேகவைத்த தந்திகளைப் பூட்டிய பிறகும் சத்தம் திரும்பவில்லை. தந்திக்கு அடியில் இருக்கிற காந்தப் பிக்கப்பை ஸ்க்ரூ டிரைவரால் உயர்த்தினான், அப்புறம் இறக்கினான். கேபிளை மாற்றினான். பேட்டரியை மாற்றினான். ஆம்பைத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டினான். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். "ஏமாத்துக்காரன்" என்று கடைக்காரனைத் திட்டினான்.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம் ஜோசுவா வந்தான். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை, சர்ச்சில் கீபோர்டு.

"இன்னாண்ணே, தந்திய கொழம்பு வச்சிட்டியாமே. உப்பு காரம்லாம் சரியா இருந்துச்சா?"

"நக்கலு. வாசிச்சிப் பாரு, தெரியும் பேஜாரு."

ஜோசுவாவுக்குப் பேஸ் சுமாராகத்தான் வரும். மடியில் வைத்து, காலையில் பாடிய பாட்டையே மெதுவாக இழுத்தான். டீயோடு வந்த பிரிசில்லா கதவருகே நின்றுவிட்டாள். பழைய சத்தம். உருண்டு, கனத்து, அலமாரிச் சில்வர் தட்டுகளை அதிரவைக்கிற அதே சத்தம்.

ஜோசுவா கையை எடுத்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"நீ கழுத்துப் பக்கம் இழுத்த, அதான். குடு" என்றான் தானியேல்.

அவனும் கழுத்துப் பக்கம்தான் இழுத்தான். சத்தம் தகரத்தைத் தட்டியது போல நறநறத்துச் செத்தது.

"அண்ணே, இடது கை தந்திய அழுத்தவே இல்ல."

"அழுத்திக்கினுதான்டா கீறேன்."

பிரிசில்லா டீயை மேஜையில் வைத்தாள். ஒரு மாதமாகத் தானியேலின் சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். போன வாரம் கடைத்தெருவில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துபோனான். அவள்தான் ஓடி எடுத்துவந்தாள். கம்பெனியில் அவன் பக்கத்து மேஜையில் வேலை செய்த செண்பகமும் இப்படித்தான் செருப்பை விட்டுவிட்டு நடந்தாள், பிறகு காலை இழுத்தாள், இப்போது சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. சுகர் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். செண்பகத்துக்குச் சுகர் கிடையாது. வேலூர் டாக்டர் அவளிடம் முதலில் கேட்டதே என்ன பசை, என்ன தின்னர் என்றுதான்.

"நாளைக்கு லீவு சொல்லுங்க. வேலூர் போலாம்."

"ஆர்டர் முடியிற நேரத்துல லீவா? தந்தி பழசு பிரிசி. புதுசு போட்டா சரியாய்டும்."

"அப்போ கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்க. நான் எந்த விரலத் தொடுறேன்னு சொல்லுங்க. சரியா சொன்னீங்கன்னா நானே புதுத் தந்தி வாங்கித் தர்றேன்."

"ஜோசுவா, சாட்சி நீதான்" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடி, இடது கையைக் கிதாரின் மேல் விரித்து வைத்தான்.

பிரிசில்லா ஆள்காட்டி விரல் நுனியைப் பிடித்தாள். அவன் காத்திருந்தான். அவள் நகத்தை ஊன்றினாள். தோலில் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்தது. அதை விட்டு நடுவிரலில் ஊன்றினாள், தன் நகம் வளைகிற வரைக்கும்.

"சீக்கிரம் தொடு. டீ ஆறுது."

அவள் விரலை விடவில்லை.

"டேய் ஜோசுவா, தொட்டாளா இல்லியா? ஏமாத்துறாளா?"

ஜோசுவா அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, டீயைத் தொடாமல் வெளியே போனான்.