அடுக்களையை ஊருக்குக் கொடுத்த அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொதுப்பணியைப் புகழ்ந்து இந்த நினைவு மலரில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொதுப்பணியோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள் நான். என் பங்குக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தெங்கேராவில், கடலை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில். ஜப்பான்காரன் காலத்தில் அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அரிசிக் கடையில் கணக்கெழுதப் போனார். மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்தே எங்களைக் காப்பாற்றினார். போர் முடிந்தபின் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவானார். காஜா பெராங்கில் சிறிய வீடு வாங்கினார். கணவரை இழந்து வந்த என்னை, ஒரு சொல் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். அதுவரை குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு முன் நகராண்மைக் கழகத் தேர்தலில் நின்றார். மழை பெய்தால் எங்கள் பகுதியில் கழிவுநீர் வீட்டுக்குள் வரும். லோங்காங் என்னும் கழிவுநீர்க் கால்வாய் வெட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து வென்றார். அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. குப்பை அள்ளவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்று விடியுமுன் ஆள் வந்துவிடும். அண்ணன் வாய் கொப்பளித்த கையோடு அவர்களுடன் கிளம்பிவிடுவார். அண்ணி போட்ட காப்பி ஆறிக் கிடக்கும்.

நகராண்மைக் கழகத்தில் ஓயாமல் வாதாடி ஒருவழியாக அனுமதி வாங்கினார். கால்வாய் போக இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பக்கத்து வீட்டில் இருந்த, தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டி சமூகத்து அம்மாவின் சாமியறை. மற்றொன்று எங்கள் அடுக்களை. அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. மலாயில் அழுதபடி அண்ணனிடம் முறையிட்டுவிட்டுப் போனார். அண்ணன் மறுவாரமே எங்கள் அடுக்களையை எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கு அது அளவெடுக்க வந்த ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்று அண்ணி கேட்டார்.

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க," என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அண்ணி வெகுநாள் அவரிடம் பேசவில்லை. "சோறு வைக்கவா என்று கேள்" என என் வழியாகத்தான் கேட்பார். முன்கூடத்தில் அடுப்பு வைத்துச் சமைத்தோம். புகையில் என் கண்கள் கெட்டதுதான் மிச்சம்.

சுதந்திரம் வந்தது, அடுத்த தேர்தலும் வந்தது. தன் வசதிக்காகத் தன் வீட்டுப் பக்கமாகவே லோங்காங்கைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. நடந்ததை மேடையில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நம்ம குசினி போனதைச் சொல்லி ஓட்டுக் கேக்கச் சொல்றியா? பக்கத்து வீட்டம்மா மொகத்துல எப்படிம்மா முழிப்பேன்?"

அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. தோற்றார். அந்த லோங்காங்கால் கால் நனையாமல் வீட்டிலிருந்து இறங்கும் எங்கள் தெருக்காரர்களே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. எழுதிவிட்டேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

தோற்றவர் வீட்டில் இருந்தாரா? மறுநாளே புக்கிட் காதிலில் பாலம் உடைந்திருக்கிறதென்று புறப்பட்டார். அது நகராண்மைக் கழக எல்லையிலேயே இல்லை என்றேன். அங்கேயும் மனுசன்தானே நடக்கிறான் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கடைசியில் இருதயம் பழுதாகி மருத்துவமனையில் படுத்தபோதும், மூச்சு வாங்க வாங்கத் தாதியிடம் ஒழுகும் குழாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பேசாம படுங்க" என்று அண்ணி அதட்டினார். அண்ணன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். அன்று மாலை உயிர் பிரிந்தது.

அவரைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், கருமாதிவரை எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருமாதி முடிந்த வாரம், செய்தி தெரியாத ஒருவர் அண்ணனைத் தேடி வந்தார். சந்தில் விளக்கு எரியவில்லையாம். செத்த மனிதரையுமா விடமாட்டீர்கள் என்று திட்டி அனுப்பினேன். அவர் போனபின் உட்கார முடியவில்லை. மறுநாள் நானே நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். அண்ணன் பெயரைச் சொல்லி, அவருடைய தங்கை என்றேன். நாற்காலி போட்டார்கள்.

விளக்கு இப்போது எரிகிறது. ஆகவே குறை சொல்ல இனி யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்தே தீருவதானால் மதியத்துக்குமேல் வாருங்கள். காலையில் நான் அலுவலகத்துக்குப் போயிருப்பேன்.