மூணாவது ஆளுக்கு ஒரு இன்சூரன்ஸ்

கடிதத்தில் மூன்று கேட்டிருந்தார்கள். பட்டச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், நடப்பில் உள்ள இன்சூரன்ஸோடு சொந்தமாக ஒரு இரு சக்கர வண்டி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மூன்றையும் காட்டாவிட்டால் அடுத்தவரை அழைத்துக்கொள்வோம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த அடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். நேர்காணலன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, புது பெட்ரோல் வண்டியின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவன்.

ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் கொள்முதல் செய்கிற உழவர் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளர் வேலை. மலைக் கிராமங்களுக்கெல்லாம் போய், யாரிடம் எவ்வளவு விளைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிவர வேண்டும். பஸ் போகாத ஊர்கள்தான் பாதி. அதனால்தான் வண்டி.

வண்டி இருந்தது. கணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியரிடம் வாங்கிய பழைய எலக்ட்ரிக் பைக். அம்மா நான்கு ஆடுகளை விற்றுக் கொடுத்தாள். எங்கள் ஊரில் பெட்ரோல் என்றால் பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்குவதுதான். பாதி பெட்ரோல், மீதி என்னவென்று கடைக்காரருக்குத்தான் தெரியும். கரண்டு வீட்டிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்து நான்தான் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறியபோது, பழைய இன்சூரன்ஸ் முடிய மூன்று வாரம் இருந்தது. வேலை கிடைத்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரமும் போய், அதற்குமேல் ஒரு மாதமும் போயிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன். ஊரில் யாருக்கு பேங்கிலிருந்து நோட்டீஸ் வந்தாலும், ரேஷன் கடையிலிருந்து மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். தெரியாது என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. புரியாததைக்கூடப் புரிந்த முகத்தோடு படித்துக் காட்டிவிடுவேன். அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. என் இன்சூரன்ஸை நானே போட்டுக்கொள்வேன் என்றுதான் வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டிப்போக பயமாக இருந்தது.

நெட் சென்டர் அண்ணன் கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைத் தட்டினார்.

"சி.சி. எவ்ளோமா?"

"சி.சி. இல்லண்ணா. இது கரண்டு வண்டி. கிலோவாட்டுதான்."

"இது சி.சி. கேக்குதே."

"இல்லாதத எப்படிண்ணா சொல்றது?"

"பூஜ்யம்னு போடட்டா?"

போட்டார். பூஜ்யம் செல்லாது என்று சிவப்பில் வந்தது. வேறு கம்பெனியின் பக்கத்துக்குப் போனார். அங்கே எலக்ட்ரிக் என்று தனியாக இருந்தது, ஆனால் என் வண்டியின் மாடல் பட்டியலில் இல்லை. மூன்றாவது பக்கத்தில் மாடல் இருந்தது. விலையும் வந்தது. முதல் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

"பேட்டரி இருக்குதுல்ல, அதான் ஏத்தி வெச்சிருக்கான்" என்றார் அண்ணன். "பேட்டரி பூட்ச்சினா வண்டிய எடைக்குத்தான் போடணும். ஏமா, பெட்ரோல் வண்டி வாங்கியிருந்தா ரெண்டு நிமிசம். படிச்ச புள்ள, இத்தப் போய் வாங்கிக்கிறியே."

படிச்ச புள்ள என்று அவர் சொன்ன விதம் எனக்குச் சுட்டது. அந்தப் பக்கத்தில் விலைக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'தேர்ட் பார்ட்டி மட்டும்' என்று. பார்த்தேன். கம்பெனியிடம் நேராக வாங்காமல் நடுவில் யாரோ புரோக்கர் வழியாக வாங்குவது என்று நினைத்துக்கொண்டேன். புரோக்கர்கள் எங்கள் புளியை எப்படி எடை போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது என்ன என்று அண்ணனிடம் கேட்டிருக்கலாம். அப்போதுதான் இன்னா படிச்ச என்ற மாதிரி பார்த்திருந்தார். நான் கேட்கவில்லை.

பெரிய தொகைக்கே சரி என்றேன். எங்கிருந்து கட்டுவேன் என்று அப்போது யோசிக்கக்கூட இல்லை. ஆனால் பணத்தை உடனே வாங்க மாட்டார்களாம். இன்சூரன்ஸ் விட்டுப்போன வண்டி என்பதால் முதலில் வண்டியை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம்.

வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் வீடியோ எடுத்தோம். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நான்கு பக்கமும், நம்பர் பிளேட்டும், வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கிற சேஸ் நம்பரும் தெரிய வேண்டும். சேஸ் நம்பர் மேல் துருவும் சேறும் அப்பியிருந்தது. அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, ஒரு கைப்புளியை நனைத்து விளக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் மண்ணில் படுத்துக்கொண்டு எடுத்தேன். டவர் கிடைக்கிற பாறைவரை ஏறிப்போய் அனுப்பினேன். அனுப்பி முடிய ஒரு மணி நேரம் ஆனது.

சாயங்காலம் பதில் வந்தது. என்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் பதிவாகவில்லை, மீண்டும் அனுப்பவும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் வண்டியைத் தெரியும்.

"இதுக்கு ஏது சத்தம்?" என்றார்.

"அதான் கேக்கறாங்க."

"வாயால டுர்ருனு உட்டுட்டு அனுப்பு."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் மறுபடியும் எடுத்தேன். சாவியைப் போட்டு விளக்கை எரியவிட்டு, ஹாரன் அடித்து, ஸ்டாண்டில் நிறுத்தியபடியே பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டினேன். இது மின்சார வண்டி, இதற்கு என்ஜின் கிடையாது என்று வீடியோவிலேயே இரண்டு முறை சொன்னேன். பதினோரு மணிக்கு பதில் வந்தது. வாகனம் இயங்கும் நிலையில் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நாளை ஞாயிறு, நாளை மறுநாள் திங்கள். அந்தச் சாவி சுற்றுகிறவன் கண்முன் வந்தான். ஆடு விற்ற அன்று அம்மா வெறும் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்ததும் வந்தது. அழுதால் போனில் பேச முடியாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. பாட்டு ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது.

ஒரு பெண் எடுத்தாள். சுத்தமான, வேகமான தமிழ். விவரம் சொன்னேன். விலை சொன்னாள். அதே பெரிய விலை. அப்போது நான் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். சலுகை கேட்டேன்.

"மேடம், நாங்க மலையாளிங்க. எங்களுக்கு எதாவது குறைச்சுப் போடுவாங்களா?"

கல்லூரி விண்ணப்பத்திலிருந்து உதவித்தொகை வரை எல்லாப் படிவத்திலும் நான் எழுதிய சொல் அது. இந்த மலையில் இருக்கிற எங்கள் பழங்குடி இனத்துக்கு சர்க்கார் காகிதத்தில் அதுதான் பெயர். அதைச் சொல்லி இதுவரை எதையும் யாசித்ததில்லை. சொல்லும்போதே காது சூடாகிவிட்டது.

"ஓ, சாரி மேடம். லைன்ல இருங்க, உங்க மொழியிலயே பேசறவங்களுக்கு மாத்தறேன்" என்றாள்.

"இல்லைங்க, நான் தமிழ்தான்..." அதற்குள் மறுபடியும் பாட்டு.

ஓர் ஆண் குரல் வந்தது. "நமஸ்காரம். வீடு எவிடெயா?"

போன் ஒரு முறை 'டிங்' என்று சார்ஜ் குறைகிறதென்று சொன்னது. "சார், நான் கேரளா இல்ல. ஜவ்வாது மலை. மலையில இருக்கறதால எங்கள மலையாளின்னு சொல்றாங்க. தயவுசெஞ்சி வச்சிடாதீங்க சார்" என்று ஒரே மூச்சில் கத்தினேன்.

அவர் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு. "மலையில உள்ள ஆளு மலையாளி. அது சரியாணு. தமிழ் கொறச்சு தெரியும். மெதுவா சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னேன். வேலை, திங்கட்கிழமை, வீடியோ, சத்தம். சத்தத்தைச் சொன்னபோது 'அய்யோ' என்றார். பிறகு கேட்டார்: "வேலை தர்றவங்க எந்த இன்சூரன்ஸ் கேட்டாங்க? ஃபுல்லா?"

"நடப்பில் உள்ள இன்சூரன்ஸ்னு மட்டும்தான் போட்டிருக்கு."

"அப்போ தேர்ட் பார்ட்டி மதி. சட்டத்துக்கு அது போதும். வீடியோ வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

"அது புரோக்கருங்க கிட்ட வாங்கறது இல்லயா சார்?"

கேட்டுவிட்டேன். கேட்டதும் நான் நினைத்தது தவறு என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள், உங்கள் வண்டி யாரையாவது இடித்தால் அவர் மூன்றாவது ஆள். அவருக்குக் கம்பெனி கொடுக்கும். உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. ஓட்டுகிறவருக்கென்று ஒரு விபத்துக் காப்பு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். விலை சொன்னார். முதலில் சொன்னதில் கால் பங்குகூட இல்லை. லிங்க் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்கும் போன் அணைவதற்கும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமையே அந்த வரி என் கண்ணெதிரே இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

வீட்டுக்கு இறங்கி வந்து போனை சார்ஜில் போட்டேன். வீட்டில் மெசேஜ் மட்டும் எப்படியோ வந்துவிடும். லிங்க் வந்திருந்தது. பணம் கட்டுவதற்கு முன் அம்மா அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் ஆட்டை விற்று வாங்கிய வண்டி அது. அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள், அப்பா கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து சொன்னேன்.

"மூணாவது ஆளா? யார்டி அது?" என்றாள் அம்மா.

"ரோட்டுல போறவங்கம்மா. நான் இடிச்சிட்டா அவங்களுக்குக் குடுப்பாங்க."

"நீ ஏன் இடிக்கற?"

"ஒருவேளை இடிச்சா."

அப்பா கொட்டையைக் கூடையில் போட்டார். "நாம காசு கட்டுவோம், ஊரானுக்குக் குடுப்பான். நல்லா கீதே கதை. நீ உழுந்தா?"

"கை, கால் போனா உண்டு. செத்தா உண்டு."

"செருப்பால அடிப்பேன். வாயப் பாரு" என்றாள் அம்மா. புளி தட்டுகிற கட்டை கையிலேயே நின்றது.

"சும்மா உழுந்து அடிபட்டா?" அப்பா விடவில்லை.

"அதுக்கு இல்ல."

"வண்டி உடஞ்சா?"

"இல்ல."

"எவனாவது திருடிக்கினு போய்ட்டா?"

"இல்லப்பா."

பிறகு அவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "அந்த பேட்டரி எங்கியோ பத்திக்கிச்சாமே. டிவில காட்னான். நம்முளுது பத்திக்கினா?"

இல்லை, அதற்கும் தரமாட்டார்கள். அதுதான் பதில். மூன்று இல்லை சொல்லிவிட்டேன், நான்காவதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் ஆட்டைப் பிடித்துக் கொடுத்த அன்றைய முகம் வந்திருந்தது. இந்த வண்டியைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவள் நான்.

"பத்திக்காதுப்பா" என்றேன். "இது நல்ல பேட்டரி."

பேங்க் நோட்டீஸ் படிக்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "சரி, கட்டு" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்பே போய்விட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் இன்சூரன்ஸ் தாளில் தேதியை மட்டும் பார்த்தார். முழுதா, மூன்றாம் ஆளுக்கு மட்டுமா என்று கேட்கவே இல்லை. மூன்று இடத்தில் டிக் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கே காவலூர்ப் பக்கம் இரண்டு ஊருக்கு அனுப்பினார்கள். மேடுகளில் வண்டி முனகியது. எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் என்னிடம் காப்பு இருந்தது. எனக்குக் கீழே இருந்த வண்டிக்கு இல்லை. வளைவுகளில் சைக்கிளைவிட மெதுவாகப் போனேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா வந்தார். எவ்வளவு தூரம், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. குனிந்து பேட்டரிப் பெட்டி மேல் புறங்கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"சூடா கீதே" என்றார்.

"ஓடி வந்த வண்டிப்பா. அப்படித்தான் இருக்கும்."

எவ்வளவு சூடு சரி, எவ்வளவு சூடு ஆபத்து என்று எனக்குத் தெரியாது. அவர் கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். கொஞ்சம் யோசித்து, நானும் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன்.

ஆறும்வரை இரண்டு பேரும் நின்றோம். அதற்கப்புறம்தான் சார்ஜில் போட்டோம்.