ஆறு பாட்டில்களும் ஒரு பிரெஞ்சு டாக்டரும்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம். ஊருக்குப் போன் போட்டால் எல்லாரும் இன்னும் கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில்தான் வளைகுடாவில், ஜுபைலில் எங்கள் தொழிலாளர் கேம்ப் கிளினிக்குக்குப் பிரெஞ்சு டாக்டர் ஒருவர் வந்தார்.

நெட்டையான ஆள். வெயிலில் மூக்கு மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். அவருக்கு முன்பு இருந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே மாத்திரை எழுதிவிடுவார். இவர் அப்படி இல்லை. யார் உள்ளே போனாலும் எழுந்து நின்று கை கொடுப்பார். என்னுடையது எண்ணெய் டாங்கிக்குள் இறங்கித் துரு சுரண்டுகிற கை. பேண்டில் துடைத்துத் துடைத்து நீட்டுவேன். ஊரை விட்டு வந்து அத்தனை வருடத்தில் என் கையைப் பிடித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே வராத தலைவலியைச் சொல்லிக்கொண்டு இரண்டு தடவை போயிருக்கிறேன்.

வருடா வருடம் மெடிக்கல் உண்டு. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதி ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அதனால் கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. நோய் இல்லாதவன் என்று தெரிகிற ஒருவன், பயந்தவர்களுடைய பாட்டிலையும் நிரப்பிக் கொடுப்பான். எங்கள் அறையில் ஆறு பேர். நான்தான் ஒல்லி, இரவுக்கு ஒரு குப்பூஸ் ரொட்டிக்கு மேல் தொடமாட்டேன்.

"அண்ணே, உங்க உடம்புல சர்க்கரை தங்க எங்கண்ணே இடமிருக்கு? எலும்புதானே கிடக்கு. எங்களுக்கும் கொஞ்சம் ஊத்திவிடுங்க" என்றான் மேல் கட்டில்காரன்.

"என்னையப் பசு மாடுன்னு நெனச்சியாடா?" என்றேன். ஆனாலும் விடியற்காலையில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து ஆறு பாட்டிலையும் நிரப்பினேன். ஒருவருக்கு உதவுகிறோம் என்றால் அன்றைக்குத் தனிமை கொஞ்சம் குறையும்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் அங்கே நர்ஸாக இருந்த, குமரிக் கடற்கரைப் பக்கத்துத் தம்பி. முகம் வெளுத்திருந்தார்.

"அண்ணே, ஒங்க ரூம்ல ஆறு பேருக்கும் சுகராக்கும். அதுவும் ஒரே அளவு. என்னத்தண்ணே செஞ்சிய?"

சர்க்கரை எனக்கு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. ஐந்து பேரைக் காப்பாற்றப் போய் ஐந்து பேருக்கும் என் நோயை எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றியதற்காக ஆறு பேரும் போக வேண்டும். சொல்லாவிட்டால் நோய்க்காக ஆறு பேரும் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டோம்.

ரத்தம் எடுத்து அல் கோபார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எதற்குச் செலவு, 'கலாஸ்', முடிந்தது, டிக்கெட் போடு என்றார் கேம்ப் மேனேஜர். அப்போது டாக்டர் மேஜையைத் தட்டிக் கத்தியது வெளியே பெஞ்சில் இருந்த எங்களுக்கே கேட்டது. நர்ஸ் தம்பி காதோரம் சொன்னார்: "ஒரே அறையில ஆறு பேருக்கு வந்திருக்குன்னா, அது ஆளோட குத்தம் இல்ல, நீங்க குடுக்குற சாப்பாடும் சூடும் வேலையுமாக்கும் குத்தம்னு சொல்லுதாரு. இங்கயே வைத்தியம் பாக்கணுமாம்."

காகிதத்தில் எழுதி மேலிடத்துக்கும் அனுப்பினார். எங்களை ஊருக்கு அனுப்பவில்லை, ரத்தம் பார்க்கவும் செலவு செய்யவில்லை, மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேரும் வாஷ்பேசினில் போட்டார்கள். நான் விழுங்கினேன். இரண்டு மாதத்தில் டாக்டரைத்தான் அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று அறைக்கே வந்து ஆறு பேருக்கும் கை கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொல்ல வார்த்தை இல்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது அந்த அறையில் நான் மட்டும்தான் பழைய ஆள். ஆபீஸில் டீ போடுகிறேன். மற்ற கட்டில்களில் இருப்பவர்கள் பேசுகிற பாஷை எனக்குப் புரியாது. நர்ஸ் தம்பி பஹ்ரைனுக்குப் போய் ஈசா டவுனில் குடும்பத்தோடு இருக்கிறார். போன மாதம் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். மேடையில் நரைத்த தலையோடு நெட்டையான ஆள். மூக்கு அதே சிவப்பு. ஊர் திரும்பியவர் டாக்டர் தொழிலோடு கவுன்சிலர் ஆகி, மேயர் ஆகி, இப்போது பார்லிமெண்டில் இருக்கிறாராம். தம்பியின் மகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறாள். கேட்டு அர்த்தம் சொல்லியிருந்தாள்.

"மாமா, 'பாலைவனத்துல ஒரே ரூம்ல ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே நோய், அதைப் பார்த்துதான் அரசியலுக்கு வந்தேன்'னு ஸ்பீச் குடுக்கறார். எல்லாரும் கிளாப் பண்றாங்க. எல்லா மீட்டிங்லயும் இதைத்தான் சொல்வாராம்."

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த ஐந்து பேரில் யாராவது எங்கேயாவது வாய் தவறிச் சொன்னால், எதிர்க்கட்சிக்காரன் அவரைப் பொய்யர் என்று மேடை போட்டுச் சொல்வான். பொய் என்னுடையது. அவர் சொன்ன சூடும் சாப்பாடும் வேலையும் நிஜம்.

உங்களுக்குப் பிரான்சில் மகனோ மருமகளோ இருந்தால், அந்த டாக்டர் யாரென்று விசாரித்து அவரிடம் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். இனி ஆறு பேர் என்று சொல்ல வேண்டாம், ஒருத்தன் என்று சொல்லட்டும். அந்த ஒருத்தன் அவர் கொடுத்த மாத்திரையால் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.