கண்ணாடி மாதிரி தெரிந்த டிவி

டவுனை ஒட்டிய குனோங் ராபாட்டில் வீடு வாங்கும்போது, பின்னால் நிற்கும் சுண்ணாம்பு மலை எவ்வளவு அழகு என்று மெச்சியவர் என் வீட்டுக்காரர். டிவி வாங்கிய பிறகுதான் அந்த மலையின் லட்சணம் தெரிந்தது. டிவி அலையெல்லாம் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. செய்தி வாசிப்பவருக்கு இரண்டு தலை. மற்ற நேரமெல்லாம் திரை முழுக்க எறும்பு ஊர்வது மாதிரிப் புள்ளி. இதையா அம்மாவிடம் சொன்னேன்? டவுன் டிவி கண்ணாடி மாதிரி தெரியும் என்று பீற்றிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அந்தத் தீபாவளிக்கு என் தங்கை டிவியில் பாடினாள். ஒரே ஒரு பாட்டு. அம்மா தன் கல்யாணப் புடவையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு மகள் நிற்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் ஆசை. அம்மா இருக்கும் பாகான் டத்தோ தோட்டத்தில் மலையும் கிடையாது, மேடும் கிடையாது. அங்கே மண்டபத்து டிவி பளிச்சென்று தெரியும். அதை விட்டுவிட்டு முறுக்கு டின்னோடு பஸ் மாறி மாறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். டவுன் டிவியில்தான் பார்க்கணுமாம்.

வீட்டுக்காரர் கூரையேறி ஏரியல் குழாயைத் திருப்பினார். ஒவ்வொரு திருப்புக்கும் வந்துருச்சா, வந்துருச்சா என்று கேட்டார். இல்லை, இல்லை என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்ததும் படம் தெளிவாக நின்றது.

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க," என்றேன்.

அறிவிப்பாளர் தங்கையின் பெயரைச் சொன்னார். அது மேலே நின்ற மனுஷனுக்கும் கேட்டுவிட்டது. மச்சினி பாடுவதைப் பார்க்கும் ஆவலில் குழாயை விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். தங்கையின் குரல் மட்டும் கேட்டது, திரையில் எறும்பு. அவர் திரும்ப ஏறுவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஏணியையே பிடுங்கிப் போட்டிருப்பேன்.

"குரல் கேட்டுச்சுலா, போதும்," என்றாள் அம்மா. டின்னைத் திறந்து முதல் முறுக்கை மருமகனுக்குத்தான் கொடுத்தாள். அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டு டிவில புடவைக் கரையில இருக்குற மயில்கூடத் தெரிஞ்சுச்சாமே. அம்மா சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போச்சு. அடுத்த தீபாவளிக்கு நாங்களும் வாரோம்லா."

அம்மாவைப் பார்த்தேன். அவள் பொங்கல் பானையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்கக்கா," என்றேன்.