படம் போடுகிறவர்

ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில், உடையப்போகும் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் பக்திப் படங்களை ஒருவர் போடுவார். நரைத்த மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. படம் ஓடும்போது திரையைப் பார்க்க மாட்டார். வந்திருக்கும் தம்பதிகளையே பார்ப்பார்.

என் மனைவி கோபித்துக்கொண்டு பக்கத்து நந்திதுர்க்கில் தாய்வீட்டில் இருந்த சமயம். அன்று அவளும் வந்திருந்தாள். கதாநாயகன் மன்னிப்புக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். முடிந்ததும் அவரிடம் போய், "தப்பெல்லாம் என்னோடதுதாங்க" என்றேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்க வாசல் கேட்டாண்ட நிக்கிறாங்க, போங்க."

போய்ச் சொன்னேன். அவள் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். அவரோ, மகளுக்குக் கல்யாணம் முடித்தவர்போல் நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நின்றார்.

பாதி வழியில் அவள் சொன்னாள்: "அவருக்குக் கல்யாணமே ஆவல, தெரியுமா?"