கழற்றாத கையுறை

மொன்றியலின் மேற்கே, தோட்டம் சூழ்ந்த ஒரு பழைய பண்ணை மாளிகையைப் பார்க்கப் பேத்தியோடு போயிருந்தேன். பின்புறப் பட்டியில் ஒன்பது செம்மறிகள். இரண்டு தரம் எண்ணினேன். தீனி வைத்தவர் ஒல்லியான யாழ்ப்பாணத்தவர். கொளுத்தும் வெயிலிலும் தடித்த கையுறையைக் கழற்றவேயில்லை.

“குளிர்காலத்தில் இவை எங்கே போகும்?” என்று பேத்தி பிரெஞ்சில் கேட்டாள்.

“சூடான கொட்டிலுக்கு,” என்று அவளுக்குச் சிரித்தபடி சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்: “சனிக்கிழமை இறைச்சிக்கு ஏத்திறம், ஐயா. பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ.”

“இந்த வெக்கையிலை கையுறை ஏன்?”

“வெறுங்கையாலை தடவிப் பழக்கினா, ஆடுகள் என்னை நம்பி லொறியிலை ஏறிடும்.”

“அப்ப உமக்கு வேலை சுகம்தானே?”

“அந்தச் சுகம் வேண்டாம், ஐயா.”

ஞாயிறன்று தனியே போனேன். பட்டியில் எண்ண எதுவுமில்லை. வேலியில் சிக்கியிருந்த ஆட்டுமயிரை அவர் வெறுங்கையால் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார்.