ஐந்தாவது வௌவால்

இத்தாலியில், கால்சா என்ற பகுதியில் நான் சம்பளத்துக்குப் பராமரித்த கிழவி சிஞ்ஞோராவின் கட்டிலுக்கு மேலே, சுவரில் ஒரு சீனப் பீங்கான் தட்டு தொங்கியது. கப்பலில் வேலை செய்த அவளுடைய தகப்பன் கொண்டுவந்ததாம். அதில் ஐந்து சிவப்பு வௌவால்கள். படுக்கையில் கிடக்கும் கிழவியின் தலைக்கு மேல் வௌவாலை மாட்ட எந்த மடையனுக்கு மனம் வந்ததோ! ஆளில்லாத வீட்டில் அல்லவா வௌவால் குடியிருக்கும்? தூசி தட்டும்போதுகூட நான் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த வருடம்தான் இராணுவம் வருகிறது என்று யாழ்ப்பாணத்துச் சனம் வீடு வாசலைப் பூட்டிவிட்டு வெளியேறியது. அண்ணா ஒருவாறு கொழும்புக்கு வந்து தொலைபேசி எடுத்தார்.

"அப்பா வரமாட்டன் எண்டிட்டார், பிள்ளை. கட்டிலை விட்டு எழும்பேல்லை. நாங்கள் என்ன செய்யிறது?"

அதன்பின் அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அண்ணா மேல், அப்பா மேல், அந்தத் தட்டின் மேல் எல்லாம் எனக்குக் கோபம் வந்தது. கண்ணை மூடினால் எங்கள் வீட்டு விறாந்தையில் வௌவால்கள் தொங்கின. ஒருநாள் தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

"பீங்கானுக்கு ஆரும் பயப்பிடுவினமே? உமக்கென்ன விசரே?" என்று, வீட்டில் நான் சொன்னதைக் கேட்டுக் கணவர் சிரித்தார்.

திருப்பியதில் தட்டின் கம்பி அறுந்துவிட்டது. புதுக் கம்பி வாங்க, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்த சீனக் கடைக்குத் தட்டோடு போனேன். கடைக்காரிக்கு அதைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவர்களுக்கு வௌவால் நல்ல சகுனமாம். ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறு. அரைகுறை இத்தாலியனில் விரல் மடக்கிச் சொன்னாள்: நீண்ட ஆயுள், செல்வம், சுகம், நல்ல குணம். ஐந்தாவதற்கு அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. 'கிழவி, வீடு, கட்டில்' என்றுவிட்டு, கன்னத்தைக் கையில் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சை நிறுத்திக் காட்டினாள். வயதாகி, தன் வீட்டில், தன் கட்டிலில் நிம்மதியாகச் சாவது.

அதுவரை அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் முருகனைக் கேட்டுவந்தேன். அன்று தட்டை நேராக மாட்டிவிட்டு, சிஞ்ஞோராவின் கட்டிலருகே நின்று அந்த ஐந்தாவதை மட்டும் கேட்டேன். ஷெல்லடி வேண்டாம், இராணுவத்தின் சப்பாத்துக் கால்கள் வேண்டாம், நித்திரையிலேயே போகட்டும் என்று கேட்டேன்.

மாதங்கள் கழித்து அண்ணா மறுபடி எடுத்தார்.

"அப்பா போயிட்டார், பிள்ளை. கோயிலடியிலை தங்கியிருந்த ஒரு கிழவர்தான் கண்டவராம். கட்டிலிலை நித்திரை மாதிரிக் கிடந்தவராம். அவரே எரிச்சும் விட்டாராம்."

அண்ணா அழுதார். "எப்ப, அண்ணா? எந்த மாதம்?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்ட பிறகுதான் போனார் என்றால், அப்பாவை அனுப்பியவள் நான்.